குரலுக்குத் திரும்புகிறான்

தேவிகா முதன்முதலாக வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆடி முடிகிற சமயம். குரோம்பேட்டையில் கரண்ட் போய், இன்வெர்ட்டரில் ஒரே ஒரு ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் ஏழெட்டுக் குழந்தைகள். ஐந்து அழுதுகொண்டிருந்தன, மீதி அழத் தயாராக இருந்தன.

ஒன்றரை மாதக் குழந்தையை மேஜைமேல் படுக்க வைத்தாள். முதல் தடுப்பூசிக்கு வந்திருந்தாள். "சட்டையைக் கழட்டும்மா, எடை பார்க்கணும்" என்றேன். மற்ற அம்மாக்கள் உடனே பட்டனில் கை வைப்பார்கள். இவள் குனிந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"கவின் சார், டாக்டர் சட்டையைக் கழட்டச் சொல்றாங்க. கழட்டலாமா? நீங்களே சொல்லுங்க."

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். குழந்தை அவள் வாயையே பார்த்தது. உதட்டைக் குவித்தது, காலை உதைத்தது, கடைசியில் "ங்..." என்று ஏதோ ஒரு சத்தம் போட்டது. "சரிங்க சார், தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு முதல் பட்டனைக் கழற்றினாள்.

ஹாலில் கூட்டம் நிற்கிறது, எனக்குப் பசி உயிர் போகிறது. இருந்தும் அவளை அவசரப்படுத்த மனசு வரவில்லை. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

சட்டை கழற்றும் இரண்டு நிமிடம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். முன்கோபி, வாயாடி. சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதச் சொல்லும் அப்பாக்களோடு நான் போட்ட சண்டைகளை மூன்று வாரம் எழுதியும் தீரவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருக்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான். அம்மா குழந்தையின் சட்டையைக் கழற்றும் அந்த இரண்டு நிமிடம்.

அப்போது ரோஸ்லின்கூட உதவிக்குப் போகக் கூடாது. ரோஸ்லின் என் நர்ஸ், பல்லாவரத்துக்காரி. கிளினிக் திறந்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறாள், என் கோபத்துக்கெல்லாம் அசராத ஒரே ஆள். நான் பேனாவை எடுத்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்வேன். கண் மட்டும் மேஜைமேல் இருக்கும்.

அடேயப்பா, எத்தனை விதமான அம்மாக்கள்! ஒரு கையில் செல்போனும் இன்னொரு கையில் குழந்தையின் காலுமாக நிற்பவள். "ஐயோ அழறான், நீயே கழட்டு" என்று புருஷனிடம் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறவள். கழற்றிய சட்டையை இஸ்திரி போட்டதுபோல் மடித்து வைப்பதில் குழந்தையையே மறந்துபோகிறவள். குழந்தை தும்மினால் தானும் மூக்கைச் சுருக்குகிறவள். "பால் நல்லா குடிக்கிறானாம்மா?" என்று அம்மாவைக் கேட்டால், "எங்க குடிக்கிறான்!" என்று மாமியார் பதில் சொல்லும் வீடுகளும் உண்டு.

இதையெல்லாம் பார்த்து ஃபைலில் ஒரு வரி எழுதுவேன். 'அம்மா தூங்கவில்லை.' 'அம்மா குழந்தையைத் தொடப் பயப்படுகிறாள்.' பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் தவித்த சில பெண்களை அப்படித்தான் கண்டுபிடித்து, உரிய டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இந்த வாரம் அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இப்படிப் பார்க்க எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் வார்டில் நாள் முழுக்க டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் நான் மருந்து கொடுத்தேன், அவன் சட்டையை என் கணவரும் பக்கத்து வீட்டு அக்காவும் கழற்றினார்கள். அவர் ஒருநாள் போனில், "பையன் இன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சான்" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அதற்குப் பிறகுதான் அடுத்த வீட்டு அம்மாக்களை வைத்த கண் வாங்காமல் பார்க்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, அதன் கண்ணில் படாமல் பின்னாலிருந்து கிலுகிலுப்பையை ஆட்ட வேண்டும். என் டிராயரில் ஒன்று இருந்தது. வருஷக்கணக்காக அதை நான் வெளியே எடுக்கவில்லை. அம்மாவைப் பின்னால் நிற்கவைத்துக் கூப்பிடச் சொல்வேன், குழந்தை திரும்பினால் டிக் போடுவேன். பெற்றவள் குரலைவிட ஒரு பிளாஸ்டிக் கிலுகிலுப்பை பெரிதா என்பது என் வாதம்.

எல்லோருக்கும் ஓர் உதாரணம்

தேவிகாவுக்கு வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்துத் தெரு. பிரசவத்துக்கு முன்னால் ஒரு செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கணவன் சரவணன் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தனியாகத்தான் வருவாள். அவள் அம்மா ஊரில் பிரசவம் நடந்தபோது, பிறந்த குழந்தைக்குச் செய்கிற காது பரிசோதனை விட்டுப்போயிருந்தது. "பார்த்துக்கலாம்மா" என்று நான்தான் சொன்னேன்.

ஆறாம் மாதம் டிசம்பரில் வந்தது. வெளியே மழை. கவினை மேஜைமேல் குப்புறப் படுக்க வைத்திருந்தாள். அது பழைய மர மேஜை, மேலே மெல்லிய ரெக்ஸின் தைத்தது. "பின்னாடி நின்னு கூப்பிடும்மா" என்றேன். அவள் விரல்களால் ரெக்ஸின்மேல் இரண்டு தட்டுத் தட்டி, "கவின் சார்!" என்றாள். பிள்ளை தலையைத் திருப்பி, ஈறு தெரியச் சிரித்தான்.

'குரலுக்குத் திரும்புகிறான்' என்று எழுதி டிக் போட்டேன்.

அதோடு விட்டேனா? கதவைத் திறந்து ஹாலில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டேன். "எல்லாரும் இங்க வந்து பாருங்க. இந்தப் பொண்ணு குழந்தையோட எப்படிப் பேசறா, அவன் எப்படித் திரும்பறான் பாருங்க. நல்ல அம்மான்னா இவதான். நீங்களும் இருக்கீங்களே, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வைங்கம்மா!"

நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். தேவிகா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கிளினிக் மூடும்போது ரோஸ்லின் என் பக்கத்தில் வந்து நின்றாள். "மேடம், ஒண்ணு சொல்றேன். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"அந்தத் தேவிகா புள்ளைக்குக் காதுல இன்னாவோ கோளாறு கீது. நான் ட்ரேயைக் கீழ போட்டேனே, ஹாலே அலறிச்சு. அது பாட்டுக்கு அம்மா மடியில ஃபேனைப் பார்த்துகினு கெடந்துச்சு."

"அது பயமே இல்லாத குழந்தை ரோஸ்லின். அம்மா அப்படி வளர்த்திருக்கா. போன தடவை எக்ஸ்பிரஸ் போனப்ப டக்குனு திரும்பினானே, நீயும்தானே பார்த்தே? காது கேக்காமயா திரும்பினான்?"

என் கிளினிக் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. எக்ஸ்பிரஸ் போனால் மேஜைக் காலிலிருந்து மருந்து பாட்டில் வரைக்கும் அதிரும். அந்த அதிர்வில்தான் அவன் திரும்பியிருப்பான் என்று எனக்கு உறைக்கவில்லை.

"நீங்க டாக்டரு. நான் இன்னாத்த சொல்றது" என்று முனகிக்கொண்டே ரோஸ்லின் ஷட்டரை இறக்கப் போனாள். என் தேவிகாவைக் குறை சொல்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

புது மேஜை

தை மாதம் அந்த மர மேஜையைக் கரையான் அரித்துவிட்டது. ஒரு காலை இழுத்துப் பார்த்தால் மாவாக உதிர்ந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவரோரமாகச் செங்கல் வைத்துக் கட்டி, மேலே கிரானைட் பலகை போடச் சொன்னேன். அதன்மேல் அரையடி உயரத்துக்கு ஃபோம் மெத்தை. இனி கரையான் வாய்க்கு ஒன்றும் கிடைக்காது என்று ரோஸ்லினிடம் பீற்றிக்கொண்டேன்.

பங்குனியில் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு தேவிகா வந்தாள். கவினை மெத்தைமேல் உட்காரவைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போலப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். "கூப்பிடும்மா."

அவள் பின்னாலிருந்து மெத்தையைத் தட்டினாள். சத்தமே வரவில்லை. "கவின் சார்!"

அவன் காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினாள். குரலை உயர்த்தினாள். பிறகு உள்ளங்கையால் பலமாக அடித்தாள். மெத்தை அதிர்வையெல்லாம் விழுங்கிக்கொண்டது. "கவின்! டேய் கவின்!" என்றபோது அவள் குரல் பிசிறியது. அப்புறம் அவசரமாக முன்பக்கம் ஓடிவந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக் கெக்கலி கொட்டிச் சிரித்தான்.

"சளி பிடிச்சிருக்கு மேடம். காது அடைச்சிருக்கும்போல" என்றாள்.

பேனாவை மூடி வைத்தேன்.

ரோஸ்லினைப் பார்த்தேன். அவள் ஸ்டீல் ட்ரேயை எடுத்து, பிள்ளைக்குப் பின்னால் போய், கத்திரிக்கோலால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். நான் துள்ளினேன். தேவிகா துள்ளினாள். ஹாலில் ஒரு குழந்தை வீறிட்டது. கவின் அம்மாவின் துப்பட்டாவை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

டிராயரைத் திறந்து கிலுகிலுப்பையை எடுத்தேன். தூசி படிந்திருந்தது. இந்தக் காது, அந்தக் காது, திரும்ப இந்தக் காது. ஒன்றுமில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தீபாவளிலேர்ந்து மேடம். எங்க வாசல்ல சரவெடி வெச்சாங்க. நான் ஓடிப்போய் அவன் காதைப் பொத்தினேன். அவன் தூங்கிட்டு இருந்தான். வெடி பாதி வெடிச்சிட்டு இருக்கும்போதே ஏதோ தோணுச்சு, கையை எடுத்துப் பார்த்தேன். அப்பவும் தூங்கிட்டே இருந்தான்."

ரோஸ்லின் கதவைச் சாத்தினாள்.

"அப்புறம்தான் கவனிச்சேன். தட்டிட்டுக் கூப்பிட்டாத்தான் திரும்பறான். தட்டறது எனக்கு முன்னாடிலேர்ந்தே பழக்கம். சும்மா கூப்பிட்டா இல்ல."

"டிசம்பர்ல வந்தியே, அப்ப சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் மேடம் வந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ட்ரெயின்ல மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். நீங்க கதவைத் திறந்து எல்லாரையும் கூப்பிட்டீங்க. நல்ல அம்மான்னு சொன்னீங்க. எத்தனை குழந்தையைப் பார்த்தவங்க, அவங்களுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரிஞ்சிடுமா, நாமதான் பைத்தியம்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனா ரெண்டு நாள் நிம்மதியா இருக்கும். அப்புறம் சந்தேகம் வந்துடும். திரும்ப உங்ககிட்ட வரணும்னு தோணும்."

அதனால்தான் பிள்ளை தும்மினால்கூடக் கிளம்பி வந்தாள். அதையும் நான் 'அக்கறையுள்ள தாய்' என்று ஃபைலில் எழுதி வைத்திருந்தேன்.

"அப்ப இங்கயும் வேணும்னேதான் தட்டினியா?"

"ஆமா மேடம்" என்றாள். "நீங்க கண்டுபிடிச்சிடுவீங்களோன்னும் பயம். கண்டுபிடிக்காமயே விட்டுடுவீங்களோன்னும் பயம்."

பார்த்தால் போதுமா

அவளை உட்காரவைத்தேன். கவின் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் நான் இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சேர்த்தே பார்த்திருக்கிறேன். அவள் கேட்பாள், அவன் பதில் சொல்வான், பார்க்கிற எனக்கு ஆனந்தம். அந்த ஆனந்தத்தில் அவனைத் தனியாக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் என்று வாசலில் போர்டு வேறு.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"மேடம், இத்தனை மாசமா நான் பேசினது ஒண்ணுகூட அவனுக்குப் போய்ச் சேரலையா?"

"உன் முகத்தைப் பார்த்தான். உன் வாயைப் பார்த்தான். நீ தொட்டது தெரியும். அதனாலதான் இவ்வளவு கலகலன்னு இருக்கான்" என்றேன். பொய் இல்லை, நூற்றுக்கு நூறு உண்மை.

"பார்த்தா போதுமா மேடம்?"

"போதாது" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். அம்மா முகம் கோணியதைப் பார்த்ததும் பிள்ளையும் அழுதான். ரோஸ்லின் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "அழுவாத கண்ணு. இன்னும் நேரம் கீது. மிசின் வெப்பாங்க, பேசுவான் பாரு" என்று தேவிகாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நேரம் இருந்தது. ஆனால் இருந்த நேரத்தில் கொஞ்சத்தை நான் தின்றுவிட்டேன். கேட்காத காதுக்கு எவ்வளவு சீக்கிரம் சத்தம் போய்ச் சேருகிறதோ அவ்வளவு நல்லது. முதல் வருஷத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை உண்டு. இது எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கே போன் போட்டு நேரம் வாங்கினேன். பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்கள் ஒட்டி எடுக்கிற பரிசோதனை. நானும் கூடப் போனேன். சரவணன் லீவு போட்டு வந்திருந்தான். இரண்டு காதிலும் அறவே கேட்கவில்லை என்று ரிசல்ட் வந்ததும், அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மேடம், பிரஸ் மெஷின் சத்தத்துல எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதான் புள்ளைக்கு வந்துடுச்சா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். "அதெல்லாம் அப்படி வராதுப்பா" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

பத்தாம் மாதம் காதில் மெஷின் மாட்டினார்கள். அது போதவில்லை. ஒன்றரை வயது வாக்கில் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் நடந்தது. அதற்கப்புறம் வாரம் இரண்டு நாள் தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சி. கருவியை முதன்முதலாக ஆன் செய்த நாளில் பிள்ளை சிரிப்பான் என்று எல்லோரும் போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றார்களாம். அம்மா கூப்பிட்டதும் அவன் பயந்துபோய் வீறிட்டு அழுதிருக்கிறான். அன்று சாயங்காலம் தேவிகா எனக்குப் போன் செய்து, "என் குரல் அவனுக்குப் பிடிக்கல மேடம்" என்றாள். பழகுவதற்கு இரண்டு வாரம் ஆயிற்று.

ரோஸ்லினிடமும் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. "அன்னிக்கே சொன்னியே. நான் கேக்கலை. மன்னிச்சுக்கோ" என்றேன்.

"வுடுங்க மேடம். அடுத்த தபா கேளுங்க" என்றாள்.

சென்ற மாதம்

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி இதை எழுதச் சொன்னதே தேவிகாதான். "நாலு பேர் படிச்சா, ரெண்டு பேராவது டெஸ்ட் எடுப்பாங்க" என்றாள்.

கவினுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. சென்ற மாதம் காய்ச்சலுக்கு வந்தான். ஸ்டெதஸ்கோப்பை வைக்கப்போனேன், என் கையைத் தட்டிவிட்டு "போ" என்றான். தெளிவாக, முழுசாக, என் முகத்துக்கு நேராக. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுடா" என்றேன். "போ!" என்று இன்னும் பலமாகச் சொன்னான்.

தண்ணி, பஸ், அப்பா, வேணாம். இப்படி நாற்பது வார்த்தை வரைக்கும் வந்திருக்கிறது என்று தேவிகா சொன்னாள். இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பேச இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறான். சட்டையைப் போட்டுவிட்டு அவனை ரோஸ்லினோடு ஹாலுக்கு அனுப்பினாள். அவள் மட்டும் நின்றாள்.

"எதிர்வீட்டுப் பொண்ணுக்கும் இவன் வயசுதான் மேடம். அது கதையே சொல்லுது. ஆறாம் மாசமே மெஷின் போட்டிருந்தா, இவனும் இன்னும் பேசியிருப்பானா?"

இந்தக் கேள்விக்கு டாக்டர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'சொல்ல முடியாதும்மா, ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி.' தப்பான பதிலும் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பேசியிருப்பான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. "எனக்கும் தெரியும் மேடம். யாரைக் கேட்டாலும் மழுப்பறாங்க. அவர்கூட." பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இந்தத் தப்புல பாதி நான், பாதி நீங்க" என்றாள்.

"அப்படி இல்லம்மா. படிச்சவ நான். டிக் போட்டவ நான். ரோஸ்லின் சொல்லியும் கேக்காம இருந்தவ நான். உனக்கு எதுக்குப் பாதி? உன்மேல ஒண்ணும் இல்ல."

"வேணாம் மேடம்" என்று வெடுக்கென்று சொன்னாள். "என் பாதியை நீங்க எடுத்துக்காதீங்க. அது இருக்கறதாலதான் தினமும் அவன்கூட ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசறேன். அவன் ஓடினாலும் விடாம பேசறேன். அதையும் நீங்க வாங்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ஹாலில் கவின் எதற்கோ "வேணாம், வேணாம்" என்று ரோஸ்லினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொள்ள அவள் திரும்பினாள்.

"சரிம்மா" என்று என் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.